மோட்டர் ஏன் நடுங்குகிறது?

இடம்பெயர்ந்தபோது என்னென்ன எடுத்துச் சென்றீர்கள் என்று எமது குடும்பங்களைக் கேட்டால், பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கும் காணி உறுதிக்கும் அடுத்ததாகப் பலரும் சொல்வது இறைப்பு மெசினைத்தான். சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. சாக்கில் சுற்றித் தோட்டத்திலேயே புதைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு. மெசின் கையில் இருந்தால் போன இடத்தில் ஒரு துண்டுத் தறையைக் குத்தகைக்கு எடுத்தாவது நாலு பாத்தி வெங்காயம் நடலாம் என்ற நம்பிக்கை அது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. சிலர் சொந்தக் காணிக்குத் திரும்பிவிட்டார்கள். சிலர் இன்னும் பிறர் காணியிலே இருக்கிறார்கள். எங்கிருந்தாலும் மண்ணெண்ணெய் மெசினின் இடத்துக்கு மின் மோட்டர் வந்துவிட்டது. சில கிணறுகளில் சூரிய ஒளியில் ஓடும் பம்பியும் வந்திருக்கிறது. ஆனால் பழைய மெசினோடு பழகிய எமது காது மாறவில்லை. மண்ணெண்ணெய் மெசின் எப்போதும் அதிர்ந்துகொண்டே இருந்தது. ஆகவே மின் மோட்டர் அதிரும்போதும் 'மெசின் என்றால் அப்படித்தான்' என்று விட்டுவிடுகிறோம். பிறகு ஒருநாள் வெங்காயம் திரளும் நேரத்தில் மோட்டர் புகைந்து நிற்கிறது. சுருள் திரும்பக் கட்டி வரும்வரை பயிர் காத்திராது.

மண்ணெண்ணெய் மெசின் நடுங்குவது அதன் பிறவிக் குணம். மின் மோட்டர் பலமாக நடுங்குமானால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் மின்சாரத்தில் இருக்கிறதா இரும்பில் இருக்கிறதா என்பதைப் பெரும்பாலும் நாமே கண்டுபிடிக்கலாம். அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் கதைக்கப் போகிறோம்.

சைக்கிள் சொல்லித் தரும் பாடம்

ஓர் அச்சைச் சுழற்றும் தள்ளலை முறுக்கம் என்கிறோம். சைக்கிள் மிதிக்கும்போது நாம் கொடுப்பது அதுதான். ஆனால் அந்தத் தள்ளல் ஒரே சீராக இருப்பதில்லை. மிதி முன்னால் கிடையாக நிற்கும்போது முழுப் பலமும் இறங்குகிறது. மிதி உச்சியிலும் அடியிலும் நிற்கும்போது எவ்வளவு அழுத்தினாலும் சுழற்சி கிடைப்பதில்லை. இரண்டு கால்களும் மாறி மாறி மிதிப்பதால் ஒரு சுற்றில் இரண்டு தடவை பலம் ஏறி இரண்டு தடவை இறங்குகிறது.

மட்டமான வீதியில் வேகமாகப் போகும்போது இது தெரியாது. எமது உடலின் பாரமும் சைக்கிளின் பாரமும் ஓடிய வேகத்திலேயே இழுத்துச் சென்று இடையிலுள்ள பள்ளத்தை நிரப்பிவிடுகின்றன. பின்னால் ஒரு மூட்டை நெல்லைக் கட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் மெதுவாகப் போகும்போதுதான் ஒவ்வொரு மிதிப்பும் தனித்தனி உதைப்பாகத் தெரியும். முறுக்கத்தின் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மோட்டர்க்காரர் 'டோர்க் ரிப்பிள்' என்கிறார்கள். மெதுவாக ஓடும்போது அது கூடுதலாக உணரப்படும் என்பதை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும். சோலார் பம்பியைப் பற்றிக் கதைக்கும்போது இது திரும்ப வரும்.

மண்ணெண்ணெய் மெசினில் ஒரேயொரு சிலிண்டர் இருக்கிறது. அச்சு இரண்டு தரம் சுற்ற, வெடிப்பு ஒரு தரம்தான். நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால் செக்கனுக்கு 25 உதைப்பு. மிச்ச நேரமெல்லாம் கனமான சில்லு ஒன்றின் ஓட்டத்தில்தான் அது சுழல்கிறது. ஒற்றைக் காலால் சைக்கிள் மிதிப்பதற்குச் சமம். ஆகவே அது துள்ளியதில் வியப்பில்லை.

இரண்டு கம்பி மின்சாரம்

வீடுகளுக்கு வருகின்ற சிங்கிள் பேஸ் மின்சாரம் 230 வோல்ற்றும் 50 ஹேட்ஸ் மீடிறனும் உடையது. அதாவது மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வருகிறது. போகும்போது ஒரு தள்ளல், வரும்போது ஒரு தள்ளல். ஆகவே சிங்கிள் பேஸ் மோட்டருக்குச் செக்கனுக்கு 100 உதைப்பு விழுகிறது. மோட்டரில் கை வைத்தால் கேட்கும் 'ம்ம்ம்' என்ற முனகல் இதுதான்.

இந்த உதைப்பைக் குறைப்பதற்காகவே மோட்டரின் முதுகில் ஒரு சிறிய உருளை பூட்டப்பட்டிருக்கிறது. அது கெப்பாசிற்றர். மோட்டருக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. கெப்பாசிற்றர் இரண்டாவது சுருளின் மின்னோட்டத்தைச் சற்று முந்தச் செய்கிறது. ஒரு சுருளின் தள்ளல் இறங்கும்போது மற்றதன் தள்ளல் ஏறுகிறது. சைக்கிளுக்கு இரண்டாவது மிதி கிடைத்தது போலத்தான். ஆனால் இந்த ஒத்திசைவு ஒரு குறிப்பிட்ட சுமைக்கே சரியாகப் பொருந்தும். சுமை கூடினாலும் குறைந்தாலும் கொஞ்சம் முனகல் திரும்ப வரும். அதைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை.

பயப்பட வேண்டியது கெப்பாசிற்றர் நலிந்துபோகும்போதுதான். அது ஒரே நாளில் சாவதில்லை. வெயிலிலும் சூட்டிலும் கிடந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கொள்ளளவை இழக்கிறது. மோட்டர் ஓடும், தண்ணீரும் வரும். ஆனால் முனகல் கூடும், உடல் சுடும், பெயாறிங்கின் கிறீஸ் உருகி வற்றும். மெக்கானிக் வந்து பார்த்தால் அவர் கண்ணில் படுவது வற்றிய பெயாறிங்தான்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு இதுதான் நடந்தது. முகாமிலிருந்து வெளியேறிப் பிறர் காணியில் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்தவர்கள். பழைய ஒரு குதிரைவலு மோட்டரை வாங்கி இரண்டு சீமெந்துக் கல்லின் மேல் வைத்து இறைத்தார்கள். ஒரே போகத்தில் இரண்டு தடவை பெயாறிங் மாற்றினார்கள். மூன்றாவது தடவை நாம் போனபோது மோட்டரை ஓடவிட்டுப் பார்த்தோம். கல் இரண்டும் மண்ணில் நடந்துகொண்டிருந்தன. ஆளியை நிறுத்தச் சொன்னோம். நிறுத்திய அந்தக் கணத்திலேயே நடுக்கம் அறுந்துபோனது. அச்சு இன்னும் வேகமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

இந்தச் சோதனையை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது.

நிறுத்திப் பார்க்கும் சோதனை

மோட்டரை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். அதன் அடித்தளத்தில் ஒருவர் கையை வைத்திருக்க, இன்னொருவர் ஆளியை நிறுத்த வேண்டும். முதலாவது செக்கனில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். பம்பியில் தண்ணீர் இருப்பதால் அச்சு அதிக நேரம் சுழலாது. ஆகவே இரண்டு மூன்று தடவை செய்து பார்ப்பது உறுதியானது.

மின்சாரம் நின்றவுடன் நடுக்கமும் நின்றால், அது மின்சாரத்திலிருந்து பிறந்த நடுக்கம். கெப்பாசிற்றர், சுருள், வயர் இணைப்பு, கம்பியில் வரும் வோல்ற்றளவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நடுக்கம் உடனே நிற்காமல், அச்சின் வேகம் குறையக் குறையத் தானும் குறைந்து அடங்கினால், அது இரும்பிலிருந்து பிறந்தது. இம்பெலரில் கல்லோ சேறோ அடைத்திருக்கலாம். அச்சு கோணியிருக்கலாம். மோட்டரும் பம்பியும் ஒரே நேரில் பூட்டப்படாதிருக்கலாம். பெயாறிங் தேய்ந்திருக்கலாம்.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. உள்ளே சரளைக்கல் உருள்வதுபோலச் சத்தம் கேட்கும், கோடை முற்ற முற்ற அது கூடும். கிணற்றில் நீர்மட்டம் இறங்கி, பம்பி உறிஞ்ச முடியாத ஆழத்துக்குப் போய்விட்டது என்பதே இதன் பொருள். நிலத்தில் வைத்த பம்பி நடைமுறையில் ஏழு அல்லது எட்டு மீற்றருக்குக் கீழிருந்து உறிஞ்சாது. அதற்கு மோட்டரைத் திட்டிப் பயனில்லை. பம்பியைக் கிணற்றுக்குள் ஒரு தட்டு இறக்கி வைக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் மோட்டருக்கு வருவோம். கெப்பாசிற்றரைக் கழற்றி அளந்தபோது தகட்டில் எழுதியிருந்த மைக்றோபரட் அளவில் பாதிதான் இருந்தது. பத்து வீதத்துக்கு மேல் குறைந்திருந்தாலே மாற்றிவிட வேண்டும். இரண்டு பெயாறிங் மாற்றிய கூலியோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெப்பாசிற்றருக்குள் மின் தேங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் அதன் முனைகளைத் தொடக்கூடாது. மோட்டர் உடலுக்குப் புவிக்கம்பி போட்டிருக்கிறதா, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்பதைப் பார்த்த பிறகே கை வைத்துப் பார்க்கும் சோதனையையும் செய்ய வேண்டும். கிணற்றடி ஈரமான இடம்.

கம்பி வரிசையின் கடைசியில் இருக்கும் தோட்டங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மாலையில் எல்லோரும் விளக்குப் போட்டவுடன் 230 வோல்ற் 200 ஆகிவிடும். வோல்ற்றளவு 13 வீதம்தானே குறைந்தது என்று எண்ணக்கூடாது. மோட்டரின் முறுக்கம் வோல்ற்றளவின் வர்க்கத்தோடு குறைகிறது. ஆகவே நான்கில் மூன்று பங்கு பலம்தான் மிஞ்சும். அந்த நேரத்தில் இறைக்காமல் அதிகாலையில் இறைப்பதே நல்லது.

மூன்று பேர் தள்ளினால்

திறீ பேஸ் மின்சாரத்தில் மூன்று கம்பிகளில் மூன்று மின்னோட்டங்கள் ஒன்றையொன்று சம இடைவெளியில் பின்தொடர்ந்து வருகின்றன. ஒரு சில்லில் மூன்று கைபிடிகளைச் சம தூரத்தில் வைத்து மூன்று பேர் சுழற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தளரும் கணத்தில் மற்ற இருவரும் பலமாகத் தள்ளுகிறார்கள். மூவரின் தள்ளலையும் கூட்டினால் எந்தக் கணத்திலும் ஒரே தொகைதான் வரும். செக்கனுக்கு 100 உதைப்பு என்பதே இங்கு இல்லை.

இந்த மோட்டரை 1889இல் ஜேர்மனியின் ஏ.ஈ.ஜி. நிறுவனத்தில் வேலை செய்த மிக்கையில் டொலிவோ-டொப்ரோவொல்ஸ்கி என்ற ரஷ்யப் பொறியியலாளர் செய்து காட்டினார். 1891இல் லாவ்ஃபென் என்ற ஊரின் ஆற்றில் எடுத்த மின்சாரத்தை 175 கிலோமீற்றர் தூரம் கம்பியில் கொண்டுபோய் பிராங்பேர்ட் நகரக் கண்காட்சியில் இப்படியொரு மோட்டரை ஓட்டினார்கள். அந்த மோட்டர் செய்த வேலை என்ன தெரியுமா? தண்ணீர் இறைத்ததுதான். செயற்கை நீர்வீழ்ச்சி ஒன்றுக்கு அது நீரை மேலே ஏற்றியது. எமது கிணற்றடி வேலைக்கு அப்படியொரு வரலாறு இருக்கிறது.

ஆனால் மூவரும் ஒரே பலத்தில் தள்ளினால்தான் இந்தச் சீர் கிடைக்கும். மூன்று கம்பிகளிலும் வோல்ற்றளவு வேறுபட்டால் அதே 100 உதைப்பு பின்கதவால் உள்ளே வந்துவிடும். உதாரணமாக 400, 396, 380 வோல்ற் என்று அளந்தால் சராசரி 392. கூடிய வித்தியாசம் 12. அது மூன்று வீதம். அற்பமாகத் தெரிகிறதல்லவா? ஆனால் வோல்ற்றளவு ஒரு வீதம் வேறுபட்டால் மின்னோட்டம் ஆறு முதல் பத்து வீதம்வரை வேறுபடும். ஒரு சுருள் தனியாகச் சுட்டெரியும். வேறுபாடு ஐந்து வீதத்தைத் தாண்டினால் மோட்டரை ஓட்டவே கூடாது. ஒரு பியூஸ் முழுதாக எரிந்துபோனால் மோட்டர் நிற்காமல் உறுமிக்கொண்டு இரண்டு கம்பியில் ஓடும். அந்த உறுமலைக் கேட்டவுடன் ஓடிப்போய் நிறுத்த வேண்டும். சில நிமிட நேரத்தில் சுருள் கருகிவிடும்.

டைனமோவைத் திருப்பியவர்களுக்கு

இனி சோலார் பம்பி. இதற்குள் இருப்பது பெரும்பாலும் நிரந்தரக் காந்தம் பதித்த மோட்டர். இதை விளக்க எமது வாசகர்களுக்குப் பெரிய படிப்பு ஒன்றும் தேவையில்லை. 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, வானொலியில் செய்தி கேட்டவர்கள் நாம். அந்த டைனமோவின் தலையை விரலால் மெல்லத் திருப்பிப் பாருங்கள். வழுவழுவென்று சுற்றாது. கொஞ்சம் பிடிக்கும், பிறகு துள்ளி அடுத்த இடத்தில் போய் நிற்கும். உள்ளிருக்கும் காந்தம் இரும்புப் பல்லுக்கு நேரே நிற்க விரும்புகிறது. பல்லிலிருந்து பல்லுக்குப் போகும்போது தயங்குகிறது.

காந்த மோட்டரிலும் இதே தயக்கம் உண்டு. மின்சாரம் கொடுக்காதபோதே இருக்கின்ற நடுக்கம் இது. எத்தனை பல், எத்தனை காந்த முனை என்ற கணக்கைப் பொறுத்து இது கூடும் அல்லது குறையும். 12 பல்லும் 8 முனையும் உள்ள மோட்டர் ஒரு சுற்றில் 24 இடத்தில் தயங்கும். 12 பல்லும் 10 முனையும் என்றால் 60 இடத்தில் தயங்கும். இரண்டு எண்களின் பொது மடங்குகளிற் சிறியதைப் பாடசாலையில் கண்டுபிடித்தோமே, அந்தக் கணக்குத்தான். தயக்கங்கள் கூடினால் தீமை என்று நினைக்கத் தோன்றும். உண்மை மாறானது. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொரு தயக்கமும் மிகச் சிறிதாகிவிடும். நல்ல உற்பத்தியாளர்கள் காந்தங்களையோ பற்களையோ சற்றுச் சரிவாக அமைத்து இதை இன்னும் குறைக்கிறார்கள். கொஞ்சம் பலம் குறையும், ஆனால் ஓட்டம் மிருதுவாகும்.

கட்டுப்படுத்தும் பெட்டியின் வேலை

சோலார் மோட்டருக்குச் சுருள்களில் எந்த நேரத்தில் எவ்வளவு மின்னோட்டம் விட வேண்டும் என்று தீர்மானிப்பது சுவரில் பூட்டியிருக்கும் கட்டுப்படுத்தும் பெட்டி. மாட்டுக்கு முன்னால் வைக்கோலைப் பிடித்துக்கொண்டு நடப்பது போன்றது அதன் வேலை. காந்தம் சுருளின் இழுப்பைத் தேடி வருகிறது. அது வந்து சேருமுன் இழுப்பு அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறது. வைக்கோலை மிகக் கிட்டப் பிடித்தால் மாடு நின்று தின்னத் தொடங்கும். மிகத் தூரப் பிடித்தால் ஆர்வம் குறையும். மோட்டரில் காந்தத்துக்குச் சரியாகக் கால் வட்டம் முன்னே இழுப்பு இருக்கும்போதுதான் முழு முறுக்கம் கிடைக்கிறது. (பல சோடி முனைகள் உள்ள மோட்டரில் இந்த வட்டம் ஒரு சோடி முனைக்குரிய பங்கையே குறிக்கும்.)

மலிவான பெட்டிகள் இழுப்பை ஆறு அடியாக நகர்த்துகின்றன. ஒவ்வோர் அடியும் வட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. இழுப்பு ஓரிடத்தில் நிற்கிறது, காந்தம் நெருங்குகிறது, இழுப்பு திடீரென அடுத்த இடத்துக்குப் பாய்கிறது. பாய்ச்சலுக்குச் சற்று முன்னும் பின்னும் முறுக்கம் உச்சத்தின் 87 வீதத்துக்கு இறங்கிவிடும். அதோடு மின்னோட்டம் ஒரு சுருளிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கொஞ்ச நேரம் எடுப்பதால் இன்னொரு பள்ளமும் விழும். நான்கு சோடி முனைகள் உள்ள மோட்டருக்கு ஒரு சுற்றில் 24 உதைப்பு. இதற்கு ஏற்ற விதமாகவே சுருள் சுற்றப்பட்ட மோட்டர்களில் முதலாவது பள்ளம் பெரிதும் மறைந்துவிடும், இரண்டாவது மறையாது.

நல்ல பெட்டிகள் இழுப்பைப் பாய்ச்சுவதில்லை, வழியவிடுகின்றன. மூன்று சுருளிலும் மின்னோட்டத்தை அலைபோல ஏற்றி இறக்கி, இழுப்பு எப்போதும் காந்தத்துக்குக் கால் வட்டம் முன்னேயே நிற்கும்படி செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து திருத்துகின்றன. இந்த முறையின் அடிப்படையை 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜேர்மனியில் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹஸ என்பவரும் சீமென்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஷ்க என்பவரும் உருவாக்கினார்கள். அப்போது அதற்கு வேண்டிய கணக்கைச் செய்ய ஒரு அலுமாரி நிறைய மின்னணுப் பாகங்கள் தேவைப்பட்டன. இன்று நகத்தளவு சில்லு ஒன்று அதைச் செய்கிறது. ஆகவே விலை வித்தியாசம் முன்னர் போல் பெரிதல்ல. கடையில் கேட்கும்போது 'சைன் வேவ்' அல்லது 'வெக்டர் கொன்றோல்' என்று கேட்டால் விளங்கிக்கொள்வார்கள். ஆறு அடி முறையை 'சிக்ஸ் ஸ்டெப்' அல்லது 'ஸ்குவயர் வேவ்' என்பார்கள். கட்டாயம் வெக்டர்தான் வேண்டுமா என்றால், ஆழமில்லாத கிணற்றுக்கும் சிறிய தோட்டத்துக்கும் ஆறு அடிப் பெட்டியே போதும் என்பது எமது கருத்து. ஆழக் குழாய்க்கிணற்றில் நீண்ட குழாயின் நுனியில் தொங்கும் மோட்டருக்கு மேலதிகப் பணத்தைக் கொடுக்கலாம்.

தண்ணீருக்குள் இருக்கும் பல மோட்டர்களுக்குக் காந்தம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் உணரி கிடையாது. ஓடத் தொடங்கிய பிறகே மின்னோட்டத்தைப் பார்த்துப் பெட்டி அதை ஊகிக்கிறது. ஆகவே தொடக்கத்தில் ஓர் உதறல் வரும். அது பழுதல்ல. பெட்டியிலிருந்து வரும் மெல்லிய கீச்சொலியும் அப்படித்தான். மின்சாரத்தைத் துண்டு துண்டாக வெட்டி விடுவதால் எழும் ஒலி அது.

காலைநேர நடுக்கம்

சோலார் பம்பி வைத்திருப்பவர்கள் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று. 'மத்தியானம் நல்லாய் ஓடுது. காலமையும் மழை முகில் மூடேக்கையும் குழாய் எல்லாம் ஆடுது. ஏன்?'

ஊஞ்சலில் பிள்ளையை ஆட்டும்போது அது தானாக ஆடும் தாளத்துக்கு ஏற்பத் தள்ளினால் சிறு தள்ளலிலேயே உயரப் போகும். இதைப் பரிவு என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருப்போம். குழாய்க்கும் தாங்கிக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இப்படியொரு சொந்தத் தாளம் உண்டு. மோட்டரின் உதைப்புகள் அந்தத் தாளத்தோடு பொருந்தினால் சின்ன உதைப்பே பெரிய ஆட்டமாகும். சாதாரண மின்சாரத்தில் ஓடும் மோட்டர் அந்த வேகத்தை ஒரே செக்கனில் கடந்துவிடும். சோலார் மோட்டர் அப்படியல்ல. வெயில் ஏற ஏற மெதுவாக வேகம் ஏறுவதால், ஆபத்தான வேகத்திலேயே அரை மணித்தியாலம் நின்றுகொண்டிருக்கும். அதோடு மெதுவான ஓட்டத்தில் உதைப்புகளும் கூடுதலாகத் தெரியும். எதிர்க்காற்றுச் சைக்கிளின் கதை.

இதற்கு இரண்டு வழி. முதலாவது குழாயை இறுகப் பிடித்தல். ஆடும் நீளத்தின் நடுவில் ஒரு பிடிப்புப் போட்டால் தாளம் மாறிவிடும். செலவு மிகக் குறைவு, ஆகவே இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். இரண்டாவது, பெட்டியில் அந்த வேகத்தைத் தாண்டிப் போகச் சொல்லுதல். பல பெட்டிகளின் பட்டியலில் 'ஜம்ப் பிரீக்குவென்சி' அல்லது 'ஸ்கிப் பிரீக்குவென்சி' என்றொரு இடம் இருக்கிறது. காலையில் பெட்டியின் முகப்பில் தெரியும் ஹேட்ஸ் எண்ணைப் பார்த்துக்கொண்டே குழாயில் கை வைத்திருங்கள். 36இல் ஆட்டம் தொடங்கி 40இல் அடங்குகிறது என்றால், நடு எண் 38, அகலம் 4 என்று பதிந்துவிடலாம். அதன் பிறகு மோட்டர் அந்த இடைவெளியில் தங்காது, ஒரே பாய்ச்சலில் கடந்துவிடும்.

குறைந்த வேக எல்லையையும் பாருங்கள். 50 ஹேட்ஸில் ஓடும் விதமாகச் செய்து தண்ணீருக்குள் இறக்கும் சாதாரண மோட்டரைப் பொதுவாக 30 ஹேட்ஸுக்குக் கீழே ஓடவிடக்கூடாது. அதன் அடியிலுள்ள தாங்கிக்கு ஓட்டத்தினால் உண்டாகும் மெல்லிய நீர்ப்படையே எண்ணெய். வேகம் குறைந்தால் அந்தப் படை உடைந்து உலோகம் தேயும். மேலும் வேகம் ஒரு எல்லைக்குக் கீழே போனால் மேலே தண்ணீரே வராது, மோட்டர் வீணாகச் சுற்றும். வேகத்தை 80 வீதமாகக் குறைத்தால் பம்பிக்கு வேண்டிய வலு ஏறக்குறையப் பாதியாகிவிடும் என்று விற்பனையாளர் சொல்வது தரையில் நீரைத் தள்ளுவதற்கு உண்மை. ஆழக் கிணற்றுக்கு அதை அப்படியே நம்பக்கூடாது.

சோலார் பெட்டியில் 'நிறுத்திப் பார்க்கும் சோதனை' செய்யும்போது ஒரு விடயம். பல பெட்டிகள் நிறுத்து என்றவுடன் மெதுவாக வேகத்தைக் குறைத்தே நிறுத்தும். அப்போது சோதனை பொய்யாகிவிடும். மின்சாரத்தை உடனே அறுத்து மோட்டரைத் தன்பாட்டில் நிற்கவிடும் முறைக்கு மாற்றிய பிறகே செய்து பார்க்க வேண்டும்.

தூக்கிக்கொண்டு போகக்கூடிய அடித்தளம்

பம்பியும் மோட்டரும் சேர்ந்த பாரத்தின் மூன்று மடங்காவது கொன்கிறீற் அடித்தளத்துக்கு இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. 20 கிலோ பம்பிக்கு 60 கிலோ. 20 அங்குல நீளம், 14 அங்குல அகலம், 6 அங்குலத் தடிப்பில் ஒரு கல் வார்த்தால் ஏறக்குறைய 65 கிலோ வரும்.

'இது எங்கட காணியில்லை, ஏன் சீமெந்தைப் புதைப்பான்' என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதனால் நிலத்தில் வார்க்காமல், பலகைச் சட்டத்துக்குள் தனிக்கல்லாக வார்க்கும்படி சொல்கிறோம். இரண்டு பக்கமும் அரை அங்குலக் கம்பியில் ஒவ்வொரு வளையம் விட்டால் இரண்டு பேர் தடியைக் கோத்துத் தூக்கலாம். நான்கு போல்ற்றையும் ஈரக் கொன்கிறீற்றிலேயே நேர் பார்த்து நாட்டிவிட வேண்டும். கல்லின் கீழே மண்ணை இடித்து இறுக்கி மட்டம் பார்த்து வைக்க வேண்டும். மணல் நிலமானால் கீழே சரளை போட வேண்டும்.

மோட்டரின் நான்கு காலும் கல்லில் படிகிறதா என்பதையும் பாருங்கள். ஓடும்போது ஒவ்வொரு நட்டாகச் சற்றுத் தளர்த்தி இறுக்கினால், ஏதாவது ஒன்றைத் தளர்த்தும்போது நடுக்கம் குறைவது தெரியும். அந்தக் கால் அந்தரத்தில் நிற்கிறது. அதை இறுக்கும்போது மோட்டரின் உடலே முறுகுகிறது. கீழே ஒரு தகரத் துண்டு செருகினால் போதும். பழைய லொறி ரயரில் வெட்டிய துண்டை மோட்டருக்குக் கீழே போடுவது சிங்கிள் பேஸ் முனகலைக் கல்லுக்குப் போகாமல் தடுக்கும். ஆனால் அப்படிச் செய்தால் குழாயும் சற்று அசைய இடம் வேண்டும். பம்பிக்கும் பிவிசி குழாய்க்கும் இடையில் ஓர் அடி இறப்பர்க் குழாய் போடாவிட்டால் பசை வைத்த இணைப்பு வெடித்துவிடும்.

பழைய மோட்டர் வாங்கப் போகும்போதும் இவற்றைச் செய்து பார்க்கலாம். அச்சைக் கையால் திருப்பினால் சாதாரண மோட்டர் மிருதுவாகச் சுற்ற வேண்டும். காந்த மோட்டர் ஒரே அளவான சிறு தயக்கங்களோடு சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் வேண்டாம். பிறகு தரையில் வைத்து ஓடவிட்டு, பக்கத்தில் ஓர் ஐந்து ரூபாய்க் குற்றியை விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். வெறும் ஓட்டத்தில் குற்றி விழுந்தால் விலையைப் பேச வேண்டாம். உறுமல் சீராக இல்லாமல் அலைபோல ஏறி இறங்கினால், உள்ளே சுழலும் பாகத்தில் சலாகை உடைந்திருக்கலாம். அதைத் திருத்துவது புது மோட்டர் வாங்குவதைவிட வில்லங்கம்.

முன்னர் சொன்ன குடும்பம் புதுக் கெப்பாசிற்றரைப் போட்ட கையோடு ஒரு கல்லும் வார்த்தது. அடுத்த இரண்டு போகமும் பெயாறிங்கைத் தொடவில்லை. பிறகு சொந்தக் காணி கிடைத்துப் போனபோது மோட்டரோடு கல்லையும் லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இறக்கும்போது ஒரு வளையம் வளைந்துவிட்டதாம். கம்பியை அரை அங்குலத்தில் போடச் சொன்னோம், அவர்கள் கால் அங்குலத்தில் போட்டிருந்தார்கள்.